வீட்டைச் சுமக்கும் வண்டி

பிக்-அப் வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஹார்ஸ் பவர்?" இரண்டாவது, "மாசம் எவ்வளவு கட்டணும்?" மூன்றாவதாக நிறத்தைக் கேட்பார்கள். "எத்தனை கிலோ தாங்கும்?" என்று என்னிடம் கேட்டவர் இதுவரை ஒரே ஒருவர்தான். அவர் என் அப்பா. லெம்பா பெர்த்தாமிலிருந்து செலாயாங் மொத்தச் சந்தைக்குப் பல ஆண்டுகள் காய்கறி லோரி ஓட்டியவர்.

அப்பா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் தேடுவது வேலைக்குப் போய்வர ஒரு பிக்-அப் அல்ல. அதன் பின்தொட்டியில் ஒரு சின்ன வீட்டை ஏற்ற வேண்டும். 'டிரக் கேம்பர்' என்பார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விளக்கு எல்லாம் உள்ள ஒரு பெட்டி. அதைப் பிக்-அப்பின் முதுகில் ஏற்றி இறுகக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். ஊர் திரும்பியதும் நான்கு கால்களை இறக்கிப் பெட்டியை நிற்க வைத்துவிட்டு, வண்டியை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். திங்கட்கிழமை வேலைக்கும் அதே வண்டி. மோட்டார் வீடு என்று தனியாக ஒன்று வாங்கி வாசலில் நிறுத்த இடமில்லாத நம் போன்ற குடும்பங்களுக்கு ஏற்ற ஏற்பாடு.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா பிறந்து வளர்ந்தது கேமரன் மலையில், லெம்பா பெர்த்தாம் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அந்த மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் அங்கே நில அளவைக்குப் போனது 1885-இல். ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். இந்த இரண்டு பெயர்களும் வரலாற்றில் இருக்கின்றன. காட்டை வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்த நம்மவர்களின் பெயர்கள் எங்கள் வீடுகளில் மட்டும்தான் இருக்கின்றன. தாத்தா பணி ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லாரும் கீழே இறங்கிவிட்டார்கள். தோட்டத்து வீடு வேலையோடு வரும், வேலையோடு போய்விடும். மலேசியாவில் தோட்டத்தில் பிறந்த தமிழர் பலருக்கும் இதுதான் கதை. சொந்த ஊர் உண்டு, அங்கே சொந்த வீடு கிடையாது.

இப்போது அம்மா ஊருக்குப் போனால் பிரிஞ்சாங்கிலோ தானா ராத்தாவிலோ ஓட்டலில்தான் தங்க வேண்டும். பள்ளி விடுமுறை நாட்களில் அறை வாடகையைக் கேட்டால் குளிர் இல்லாமலே நடுங்கும். "ஒரு ராத்திரி அந்தப் பக்கமா தூங்கணும்மா. விடியக்காலையில தேயிலை வாடுற வாசனை வரும் பாரு, அதுக்குத்தான்" என்றார் அம்மா. அவருக்கு இப்போது இரண்டு முழங்காலிலும் வலி. கூடாரத்துக்குள் குனிந்து நுழைய முடியாது. வண்டியின் கூரைமேல் விரிக்கும் கூடாரத்துக்கு ஏணி ஏற முடியாது. இரவில் கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆகவேதான் இந்தப் பெட்டி வீடு.

இதற்கு எந்த வண்டி சரி?

இணையத்தில் தேடினால் முதலில் வருவது அமெரிக்கர்களின் வண்டிகள். ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, செவ்ரலே சில்வராடோ 3500. பின்அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள் பூட்டியவையும் உண்டு. அங்கே ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பெட்டிகள் சர்வசாதாரணம் என்பதால் அவர்களுக்கு அந்த வண்டி தேவைதான். நமக்கு? ஸ்டீயரிங் இடப்பக்கம். தாப்பா சாலையின் வளைவுகளில் எதிரே ஒரு காய்கறி லோரி வந்தால் ஒதுங்க இடம் போதாத அகலம். இன்னொன்றும் உண்டு. நம் 'டி' வகை ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாவது, வெறும் எடை 3,500 கிலோவைத் தாண்டாத வண்டிகளுக்குத்தான். அந்த நான்கு பின்சக்கர ராட்சசர்களில் சில, பெட்டியை ஏற்றும் முன்பே அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

ஆனால் அமெரிக்கர்களிடமிருந்து ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். அங்கே ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இந்த எடையைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் விளம்பரத்தைப் படிக்க மாட்டார்கள், அந்தத் தாளைத்தான் படிப்பார்கள். ஒரே மாதிரி வண்டிதான், டீசல் இயந்திரம் பூட்டினால் இயந்திரத்தின் எடை கூடி, சுமக்கும் எடை அந்த அளவுக்குக் குறைந்துவிடும். சக்தி கூடக் கூடச் சுமை குறையும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் உண்மை.

நம் ஊரிலும் இதே கணக்கு உண்டு. லோரிகளின் பக்கவாட்டில் இரண்டு எடைகள் பெயின்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று 'பெராட் தன்பா முவாத்தான்', சுமை இல்லாத வெறும் எடை. மற்றது 'பெராட் டெங்ஙான் முவாத்தான்', சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் வண்டி சுமக்கக்கூடிய எடை. அதில் ஓட்டுநரும் அடக்கம், பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்பவரும் அடக்கம்.

நம் சாலைகளில் ஓடும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன், நவாரா ஆகியவற்றை 'ஒரு டன் பிக்-அப்' என்பார்கள். இரட்டைக் கேபின் வகைகள் பெரும்பாலும் அந்த ஒரு டன்னை ஒட்டியோ சற்றுக் கீழேயோதான் சுமக்கும். விளம்பரங்களில் பெரிதாகப் போடும் 3,500 கிலோ என்பது இழுக்கும் எடை. பின்னால் கொக்கியில் மாட்டி, தன் சொந்தச் சக்கரத்தில் உருண்டு வரும் டிரெய்லருக்கான எண் அது. முதுகில் ஏற்றுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மாட்டு வண்டி இழுக்கிற மாட்டின் முதுகில் அந்த வண்டியைத் தூக்கி வைக்க முடியுமா?

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. ஓர் உதாரண வண்டியை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 3,000 கிலோ, வெறும் எடை 2,050 கிலோ. மிச்சம் 950 கிலோ. தாராளமாகத்தான் தெரிகிறது, இல்லையா?

அப்பா, அம்மா, கணவர், நான் ஆகிய நால்வரும் சேர்ந்து 265 கிலோ. பலகைச் சுவர் வைத்த சிறிய பெட்டி 420. தண்ணீர் 60 லிட்டர், அதாவது 60 கிலோ. பேட்டரி 28. அடுப்பும் எரிவாயுவும் 17. குளிர்பெட்டி 20. கையடக்கக் கழிப்பறை 15. மெத்தை, போர்வை, துணிமணி 45. பாத்திரம், அரிசி, மளிகை 35. ஜாக்கி, கருவிகள், கட்டும் பட்டைகள் 25. கூட்டிப் பாருங்கள், 930 கிலோ. மிச்சம் 20 கிலோ.

கேமரன் மலைக்குப் போய்விட்டு அம்மா 20 கிலோவோடு திரும்புவாரா? முட்டைக்கோஸ், சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஆளுக்கொரு பூந்தொட்டி, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தேயிலை! அது கிடக்கட்டும். 80 லிட்டர் டாங்கி நிறைய டீசல் ஊற்றினால் அதுவே 65 கிலோவுக்கு மேல். வண்டியின் வெறும் எடையில் அந்த டீசல் சேர்க்கப்படவில்லை என்றால், வீட்டு வாசலிலேயே நாம் வரம்பைத் தாண்டிவிட்டோம். ஆகவே காகிதத்தில் கணக்குப் போட்ட பிறகு, டாங்கியை நிரப்பி, வண்டியை ஓர் எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பதுதான் முறை. செம்பனை ஆலைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் எடை மேடைகள் இருக்கின்றன. கேட்டால் கட்டணம் வாங்கிக்கொண்டு நிறுத்துத் தருவார்கள்.

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். இதை எனக்கு ஒரே வாக்கியத்தில் புரியவைத்தவர் அம்மா. "கொழுந்துக் கூடை முதுகோட ஒட்டி இருக்கணும். தள்ளித் தொங்குச்சுன்னா பத்துக் கிலோகூட ஆளைப் பின்னால இழுத்துடும்." பெட்டியின் கனம் பின்அச்சுக்கு நேராகவோ சற்று முன்னாலோ விழ வேண்டும். இரட்டைக் கேபின் வண்டியின் பின்தொட்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம்தான். அதில் நீளமான பெட்டியை வைத்தால் பாதி வெளியே தொங்கும். தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் கடைசி முனையில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முன்சக்கரங்கள் லேசாகி ஸ்டீயரிங் பிடிமானம் இழக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படிச் சுமை ஏற்றி, கரடுமுரடான பாதைகளில் ஓட்டி, கேபினுக்கும் தொட்டிக்கும் இடையே சட்டகமே வளைந்துபோன பிக்-அப்களின் படங்களை நிறையப் பார்க்கலாம்.

ஒற்றைக் கேபின் வண்டியில் இந்தச் சிக்கல் குறைவு. தொட்டி இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், சுமக்கும் எடையும் கூடுதல். இருவர் மட்டும் பயணம் செய்வதென்றால் நான் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ஆனால் எங்களுக்கு நான்கு இருக்கை வேண்டும். அம்மாவையும் அப்பாவையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நாங்கள் வீட்டைச் சுமந்துகொண்டு போவதில் என்ன அர்த்தம்?

அடுத்து ஸ்பிரிங். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி வெறுமனே ஓடும்போது கொஞ்சம் குதிக்கும், சுமை ஏறினால் அடங்கும். சுருள் ஸ்பிரிங் வண்டியில் சொகுசு அதிகம், கனம் ஏறினால் பின்பக்கம் சீக்கிரம் தாழும். "கூடுதலா ஒரு பட்டையோ காற்றுப் பையோ போட்டா சரியாயிடும்" என்றார் ஒரு கடையில் விற்பனையாளர். கேள்வி கேட்டது நான், பதிலை என் கணவரைப் பார்த்துச் சொன்னார். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. தாழ்ந்த பின்பக்கம் நிமிரும். ஆனால் அச்சு, பிரேக், சட்டகம், டயர் எதுவும் மாறவில்லை. அனுமதிக்கப்பட்ட எடை ஒரு கிலோகூடக் கூடாது.

டயரையும் குனிந்து பாருங்கள். அளவை அடுத்து ஓர் எண் இருக்கும். 110 என்றால் அந்த டயர் 1,060 கிலோ தாங்கும். 112 என்றால் 1,120 கிலோ. 121 என்றால் 1,450 கிலோ. அழகான பெரிய சக்கரம் மாட்டும்போது இந்த எண் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இயந்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். இன்றைய டர்போ டீசல்களில் இந்த வேலைக்குச் சக்தி போதாத வண்டி அரிது. மலையேற ஏறக் காற்று அடர்த்தி குறைந்தாலும் டர்போ அதை ஓரளவு ஈடுகட்டிவிடும். கேமரன் மலையில் இன்றும் காய்கறி சுமக்கும் பழைய லேண்ட் ரோவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து 2,286 சிசி டீசல் இயந்திரத்தின் சக்தி வெறும் 62 குதிரைத்திறன். இன்றைய சின்னக் காரைவிடக் குறைவு. பட்டை ஸ்பிரிங்கும் தாழ்வான கியர்களும் திடமான சட்டகமும்தான் அவற்றைத் தோட்டச் சரிவுகளில் ஓட வைத்தன.

ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். வானொலியில் போக்குவரத்துச் செய்தி வாசிக்கும்போது 'பிரேக் செயலிழந்து' என்ற சொற்கள் வரும். வாசித்துவிட்டு அடுத்த பாட்டைப் போட வேண்டியது என் வேலை. ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது ஏறக்குறைய 1,300 மீட்டர் கீழே வருகிறோம். 3,000 கிலோ வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு சுமார் 120 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு கல்யாண வீட்டுக்கே தேநீர் போடலாம்! அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இயந்திரமும் பிரேக்கும்தான் தாங்க வேண்டும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அத்தனை சூடும் அந்த நான்கு சக்கரங்களுக்குள் சேரும்.

அப்பாவின் தலைமுறை லோரி ஓட்டுநர்களிடம் இதற்கு ஒரு விதி இருந்தது. "எந்த கியர்ல ஏறுனியோ, அதே கியர்ல எறங்கு." ஆட்டோ கியர் வண்டியென்றாலும் கையால் கியரைக் குறைத்துப் பிடித்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் வேண்டுமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். எடை கூடும், விலையும் கூடும். ஆனால் மழை பெய்து குழைந்த செம்மண் ஓரத்தில் சுமையோடு ஏறி இறங்க அதன் தாழ் கியர் உதவும். நாங்கள் வேண்டும் என்றே முடிவு செய்திருக்கிறோம்.

அந்தச் செம்மண் ஓரத்தில் எங்கே நிறுத்துவது என்பதையும் வாங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும். தோட்டத்துச் சாலைகள் தனியார் நிலம், அனுமதி கேட்க வேண்டும். ஆற்றோரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2013 அக்டோபர் 23 அதிகாலையில் ரிங்லெட் சுல்தான் அபு பக்கர் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது லெம்பா பெர்த்தாமில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்கள் போயின. 2022 டிசம்பர் 16-இல் பத்தாங் காலி முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். சரிவின் கீழேயும் ஆற்றின் ஓரத்திலும் தூங்குவதில்லை, உரிமம் உள்ள இடத்தில் மட்டுமே நிறுத்துவோம் என்பது வண்டி வாங்கும் முன்பே நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம்.

வண்டியின் உடலமைப்பை மாற்றுவதென்றால் ஜே.பி.ஜே. அனுமதியும் புஸ்பாகோம் சோதனையும் தேவைப்படும். கழற்றி மாட்டும் பெட்டியை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதை, முன்பணம் கட்டும் முன்பே பெட்டியின் அளவுகளோடு போய் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்திடமும் அப்படியே. விபத்து நடந்த பிறகு வரும் கடிதத்தில் நமக்குப் பிடிக்காத வரி இருக்கக் கூடாது.

கடைசியில் நாங்கள் என்ன முடிவு செய்தோம்? பெட்டியில் தொடங்கினோம். பலகைச் சுவர்ப் பெட்டி வேண்டாம். நிறுத்திய பிறகு கூரையை மேலே தூக்கும், தடித்த துணிச் சுவர் வைத்த பெட்டி, 300 கிலோவுக்குள். ஓடும்போது உயரம் குறைவு, வளைவில் சாய்வதும் குறைவு. கீழே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படுக்கை, கேபின் மேலே நீட்டியிருக்கும் பகுதியில் நாங்கள் இருவர். தண்ணீர் 30 லிட்டர் போதும், மலைமேல் நிரப்பிக்கொள்ளலாம். இந்த இரண்டிலுமே 150 கிலோ மிச்சமாகிவிட்டது.

பிறகுதான் வண்டி. இரட்டைக் கேபின், பின்னால் பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கர இயக்கம். எல்லா அலங்காரமும் உள்ள உச்ச ரகம் வேண்டாம், நடுத்தர ரகம். தோல் இருக்கை, மின்சார மூடி, உருட்டுக்கம்பி என்று ஏறும் ஒவ்வொன்றும் எடை. மொத்த எடை மாறாதபோது அவையெல்லாம் அம்மாவின் முட்டைக்கோஸிலிருந்துதான் கழியும். இரண்டு வண்டிகள் இறுதிப் பட்டியலில் நிற்கின்றன. எதன் மாதத் தவணை எங்கள் சம்பளத்துக்குள் அடங்குகிறதோ, அது வரும். பெயரைச் சொல்லாததற்குக் காரணம், உங்கள் குடும்பத்தின் எடை வேறு. உங்கள் பட்டியலை நீங்கள்தான் எழுத வேண்டும்.

வண்டிக் கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். யார் யார் வருகிறார்கள், அவர்களால் எத்தனை படி ஏற முடியும், எங்கே தூங்குவார்கள், என்ன சாப்பிடுவார்கள், திரும்பும்போது என்ன வாங்குவார்கள் என்று எழுதி, பக்கத்தில் கிலோவைப் போடுங்கள். கூட்டிய தொகையோடு போய் நின்றால், எந்த விற்பனையாளரும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் தாளில் கடைசி வரியை அப்பா தன் கையால் எழுதியிருக்கிறார்: 'காலியாக விட வேண்டியது, 100 கிலோ.'